மேன்பவர் ஏஜென்சி நம்பத்தக்கதா? கடலூர், புதுச்சேரி பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூர் முதுநகர்க்காரன், பைப்பிங் வேலை. பதினான்கு வருடமாகக் கான்ட்ராக்டில்தான் ஓடுகிறது. நெய்வேலி, கடலூர் சிப்காட், குஜராத்தில் ஜாம்நகர், அப்புறம் ஓமன், எல்லா இடத்துக்கும் ஏதோ ஒரு ஏஜென்சி மூலமாகத்தான் போனேன். அதில் இரண்டு ஏஜென்சிகளிடம் பணத்தை விட்டிருக்கிறேன். இப்போது தெருவில் யாருக்காவது ஆஃபர் லெட்டர் வந்தால் என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்விகள் வருவதால் எழுதியே வைத்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். நான் இதற்குப் பதில் வராமல் வேறு எதையும் பேசுவதில்லை.

ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை என்று ஒருவர் கூப்பிடுகிறார் என்றால், அவருக்கும் ஆலைக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆலை ஒரு பெரிய கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருக்கும், அவர் ஒரு சப் கான்ட்ராக்டருக்கு, சப் கான்ட்ராக்டர் ஆள் சப்ளை செய்கிறவருக்கு, அவர் நம்மைக் கூப்பிட்ட ஏஜென்ட்டுக்கு. இதில் எல்லோரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் நடுவில் ஒருவருக்குப் பில் பாஸ் ஆகவில்லை என்றால் கடைசியில் நிற்கிற நமக்குத்தான் சம்பளம் நிற்கும். அதனால் லெட்டரில் எந்தக் கம்பெனியின் தலைப்பு இருக்கிறது, கையெழுத்து யாருடையது, சம்பளம் போடப்போகிற கம்பெனி எது என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்றும் மூன்று பேராக வந்தால் ஏன் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

அடுத்து, அந்த ஆலைக்கே போன் போடுங்கள். லெட்டரில் அச்சடித்திருக்கிற நம்பருக்குப் போடாதீர்கள், அது ஏஜென்ட்டின் தம்பி போனாகக்கூட இருக்கும். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பரை எடுத்து, 'இந்தப் பேரில் உங்களிடம் கான்ட்ராக்டர் இருக்கிறார்களா, இந்த வேலை நடக்கிறதா' என்று கேளுங்கள். பக்கத்தில் என்றால் நேரிலேயே போய்விடலாம். சிப்காட்டில் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட் வாசலில் அரை மணி நேரம் நின்று உள்ளே போகிற ஆட்களிடம் கேட்டால், எந்த கான்ட்ராக்டர் ஒழுங்காகச் சம்பளம் போடுகிறார், எவர் இழுத்தடிக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். இதைவிட நல்ல விசாரணை எனக்குத் தெரிந்து கிடையாது.

கம்பெனி பதிவு ஆனதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்தால், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் தேடலாம். பதிவான தேதி, முகவரி, இயக்குநர்கள் பெயர், இப்போது நடப்பில் இருக்கிறதா அல்லது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதா என்பதெல்லாம் வரும்.

அங்கே இருக்கும் சிஐஎன் என்ற 21 எழுத்து அடையாள எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அதிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. முதல் எழுத்துக்குப் பின் வரும் ஐந்து இலக்கம் தொழில் வகை. இப்போதைய வகைப்பாட்டில் ஆள் சேர்ப்பு, ஆள் சப்ளை எல்லாம் 78-இல் தொடங்கும். அதற்குப் பின் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, தமிழ்நாடு என்றால் டிஎன், புதுச்சேரி என்றால் பிஒய் (PY). அதையடுத்து நான்கு இலக்கத்தில் பதிவான ஆண்டு. 'இருபது வருடமாக கல்ஃபுக்கு ஆள் அனுப்புகிறோம்' என்று சொன்ன ஒரு ஆபீஸின் எண்ணில் ஆண்டு 2023 என்று இருந்தது. என் சித்தப்பா மகன் அதைப் பார்த்த பிறகுதான் அங்கே கொடுத்திருந்த சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கினான்.

ஒன்றை மறக்கக் கூடாது. தனி ஆள் நடத்தும் புரொப்ரைட்டர் நிறுவனம் இந்தத் தளத்தில் வராது. நம் பக்கம் நேர்மையாகத் தொழில் செய்கிற லேபர் கான்ட்ராக்டர்கள் பலர் புரொப்ரைட்டர்கள்தான். எம்சிஏவில் இல்லை என்பதற்காக மட்டும் அவரைத் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். பெயரில் பிரைவேட் லிமிடெட் போட்டுவிட்டு அங்கே இல்லை என்றால் அது வேறு கதை.

ஜிஎஸ்டி நம்பர் கொடுத்துவிட்டார்களே, போதாதா?

போதாது, ஆனால் நிறையச் சொல்லும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், முகவரி, பதிவு தேதி எல்லாம் வரும், லாகின் எதுவும் தேவையில்லை. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. முள்ளோடை தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிற ஊர் நம்முடையது, அதனால் கடலூர் முகவரி போட்ட ஆபீஸுக்கு 34 இருந்தால் தலைமை அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், சரியான காரணமும் இருக்கலாம். அடுத்த பத்து எழுத்தும் அவர்களுடைய பான் நம்பர். பானில் நான்காவது எழுத்து சி (C) என்றால் கம்பெனி, பி (P) என்றால் தனிநபர். 'நாங்கள் பெரிய கம்பெனி' என்று பேசுகிறவரின் பானில் பி இருந்தால் அது ஒருவருடைய சொந்தத் தொழில், அவ்வளவுதான்.

அதே பக்கத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்த அட்டவணை இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் ஆகியிருக்கிறதா, எட்டு மாதமாக நின்றுபோய்விட்டதா என்று பாருங்கள். சிலர் ஜிஎஸ்டியே வேண்டாம், நாங்கள் சின்ன அளவில் செய்கிறோம் என்பார்கள். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் நாற்பது பேரை மாதம் 15,000 சம்பளத்துக்கு அனுப்புகிறேன் என்றால் சம்பளமே வருடத்துக்கு 72 லட்சம் வந்துவிடும், அப்புறம் எப்படிப் பதிவில்லாமல் பில் போடுகிறார்?

இத்தனையும் பார்க்க நேரமில்லை. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும் என்றால்?

பிஎஃப் பாருங்கள். பிஎஃப் பணத்தை நிர்வகிக்கும் ஈபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது வரை காட்டும். லெட்டர்ஹெட்டை எவரும் அச்சடித்துவிடலாம், ஆபீஸில் ஏசி போடலாம், பொக்கே வைக்கலாம். மாதாமாதம் அறுபது பேருக்குப் பிஎஃப் கட்டிய கணக்கை யாரும் சும்மா உண்டாக்க முடியாது. 20 பேர், அதற்கு மேல் வைத்திருக்கிற நிறுவனத்துக்குப் பிஎஃப் கட்டாயம். 'நூறு பேர் நம்மிடம் ஓடுகிறார்கள்' என்பவர் ஏழு பேருக்குத்தான் கட்டியிருக்கிறார் என்றால் மீதி தொண்ணூற்று மூன்று பேரின் நிலைமையில்தான் நீங்களும் இருக்கப் போகிறீர்கள்.

இது எனக்கே நடந்தது. பதினோரு மாதம் சம்பள சீட்டில் 12 சதவீதம் பிஎஃப் பிடித்தார்கள். வேலை முடிந்து ஊருக்கு வந்து பாஸ்புக்கைத் திறந்தால் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அந்த ஆபீஸ் அதற்குள் காலி செய்துவிட்டிருந்தது. இன்றைக்கு முதல் சம்பளம் வந்த அடுத்த மாதமே உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்துவிடுகிறேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் அதே மாதிரிதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பிடித்தம் இருக்கிறது ஆனால் இஎஸ்ஐ நம்பர் தரவில்லை என்றால் அந்தப் பணம் எங்கேயோ போகிறது. சைட்டில் கை நசுங்கி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அந்த நம்பரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

லேபர் லைசென்ஸ் என்கிறார்களே, அது என்ன?

1970-ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வைக்கும் கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த அளவு 50 ஆகிவிட்டது. அதனால் முப்பது பேர் வைத்திருக்கிறவர் எனக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது ஆலைக்கு உண்டு. பழைய சட்டத்திலும் அது இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த ஆலையில்தான் வேலை செய்தீர்கள் என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். கேட் பாஸ், பாதுகாப்புப் பயிற்சிச் சீட்டு, வருகைப் பதிவு, எது கிடைத்தாலும் முதல் நாளே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்தவுடன் பாஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வீடு கடலூர், ஏஜென்சி பாண்டியில், வேலை நெய்வேலியில். தகராறு வந்தால் எங்கே போவது?

வேலை எங்கே நடந்ததோ அந்த இடத்தை வைத்துத்தான் அலுவலகம். சிப்காட் ஆலை என்றால் தமிழ்நாடு தொழிலாளர் துறை. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கம் என்றால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை. நெய்வேலியில் என்எல்சி மத்திய அரசு நிறுவனம் என்பதால் மத்திய தொழிலாளர் ஆணையர் அமைப்பு. ஒருவர் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கும் புதுச்சேரிக்கும் மாறி மாறி நான்கு மாதம் அலைந்தார், அவர் போக வேண்டிய இடம் இரண்டுமே இல்லை. சேரும் முன்பே எந்த அலுவலகம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பஸ் காசாவது மிஞ்சும்.

ரிஜிஸ்ட்ரேஷன் ஐந்தாயிரம், கேட் பாஸ் டெபாசிட் மூவாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உள்ளூர் வேலைக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆள் சப்ளை செய்கிறவருக்கு ஆலைதான் ஒவ்வொரு ஆளுக்கும் சம்பளத்துக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் கொடுக்கிறது, அவருடைய வருமானம் அங்கேதான். நம்மிடமும் வாங்குகிறார் என்றால் அவருக்கு அந்த வொர்க் ஆர்டரே இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம், ஷூ, மெடிக்கல் என்று பெயர் மாறும். 'முதல் சம்பளத்தில் திருப்பித் தந்துவிடுவோம்' என்றால் முதல் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான ஆள் யோசிப்பார், மற்றவர் போனை வைத்துவிடுவார்.

வெளிநாட்டு வேலைக்கு என்ன பார்க்க வேண்டும்?

இதில் சட்டம் கடுமையாகவே இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. 1983-ஆம் வருடத்து குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் வெளியுறவு அமைச்சகத்தில் ஆர்ஏ (ரெக்ரூட்டிங் ஏஜென்ட்) என்று பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு ஒரு லைசென்ஸ் எண் உண்டு. விளம்பரத்திலும் அந்த எண்ணைப் போட வேண்டும். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'துபாய், கத்தார் உடனடி விசா' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸில் போன் நம்பர் இருக்கிறது, லைசென்ஸ் எண் இருக்கிறதா பாருங்கள்.

இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, முகவரி எது என்று பாருங்கள், அங்கே இருக்கும் நம்பருக்குப் போன் செய்து 'திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் ஆபீஸ் ஒன்று இருக்கிறதாமே' என்று கேளுங்கள். நம் பக்கம் நடக்கிற பெரும்பாலான ஏமாற்று இதில்தான். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் ஒரு நல்ல ஏஜென்சியின் எண்ணைப் போட்டுக்கொண்டு இங்கே ஒருவர் வீட்டு மாடியில் சப் ஏஜென்ட் என்று உட்கார்ந்திருப்பார். சப் ஏஜென்ட் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெறாத ஏஜென்ட்கள் என்று ஒரு பட்டியலும் அதே தளத்தில் போடுகிறார்கள், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கட்டணம்: ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. ரசீது தர வேண்டும். நம் ஊரில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார்கள், கேட்டால் 'எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்' என்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்த பிறகு எங்கள் உறவில் மூன்று பேர் அப்படித்தான் கடன் வாங்கிப் போனார்கள். இரண்டு வருடச் சம்பளம் அந்த வட்டிக்கே போனது. அந்த மூன்று பேரும் உழைப்பில் குறை வைத்தவர்கள் இல்லை.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும். சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வேண்டும். பத்தாவது முடித்தவருக்கு அது தேவையில்லை, ஆனால் ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் எப்போதும் தேவை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அப்புறம், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான், விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் வரை. அதற்கு நாலாயிரம் கேட்ட ஆளையும் பார்த்திருக்கிறேன்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். போய் இறங்கிய பிறகு நம் கையில் எந்தக் காகிதமும் இருக்காது, சம்பளம் பாதியாகும்போது புகார் சொல்லவும் முடியாது.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது, 1978-லிருந்து நடக்கிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம், டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்களாம்?

போகாதீர்கள். பாங்காக்கில் இறக்கி எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்த சம்பவங்கள் 2022-லிருந்து வெளிவந்துகொண்டே இருக்கின்றன, அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே கதைதான். டைப்பிங் தெரிந்தால் போதும், இன்டர்வியூ பத்து நிமிடம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட், பாஸ்போர்ட் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள்.

சர்டிபிகேட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, விசா ஸ்டாம்பிங்குக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வெற்றுப் பத்திரத்திலோ புரோநோட்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஆதாருக்கு முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் கிடைக்கிறது, முதல் கட்டத்தில் அதைக் கொடுத்தால் போதும்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. 'சம்பளத்துக்குப் புதுக் கணக்கு திறக்கிறோம், ஏடிஎம் கார்டும் சிம்மும் ஆபீஸில் இருக்கட்டும்' என்பார்கள். அந்தக் கணக்கில் யாரிடமோ ஏமாற்றிய பணம் வந்து போகும், போலீஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். கார்டும் சிம்மும் எவரிடமும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

நான் தொழிலாளி இல்லை, ஆலையில் வேலைத் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். ஏஜென்சிக்கு இன்வாய்ஸ் போடுகிறேன்.

அப்போது பிஎஃப் உங்களுக்கு வராது, உங்கள் பில்லில் பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ்தான் உங்கள் அளவுகோல். பிடித்த வரியை உங்கள் பான் பேரில் கட்டினார்களா என்பது வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கைப் பார்த்தால் தெரியும். பிடித்துவிட்டுக் கட்டாதவர் அடுத்து உங்கள் பில்லையும் நிறுத்துவார், நான் பார்த்தவரை அந்த வரிசையில்தான் நடக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இலவசம். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. சிறுதொழில் அமைச்சகத்தின் தளத்தில் புகார் செய்யலாம். ஒப்பந்தத்தில் 'ஆலை எங்களுக்குக் கொடுத்த பிறகே உங்களுக்கு' என்று ஒரு வரி இருக்கும், கையெழுத்துக்கு முன் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சொந்தக்காரர் சொன்ன ஏஜென்சி. விசாரித்தால் அவர் கோபித்துக்கொள்வாரே?

இந்தக் கேள்வியில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மாமா சொன்னார், மச்சான் அனுப்பினார் என்ற நம்பிக்கையில் பணம் கொடுத்து, கடைசியில் பணமும் போய் உறவும் போகிறது. மாமா பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை, அவரையும் ஏமாற்றித்தான் சொல்ல வைத்திருப்பார்கள். 'மாமா, நீங்களும் என்னோடு உட்காருங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்' என்று சொல்லி அவர் எதிரிலேயே ஜிஎஸ்டி, பிஎஃப், இ-மைக்ரேட் மூன்றையும் திறந்து காட்டுங்கள். கால் மணி நேரம் ஆகும். எங்கள் தெருவில் இப்படிச் செய்த ஒரு பையனின் மாமா, தான் அனுப்ப வைத்திருந்த இன்னும் நான்கு பேரையும் நிறுத்திவிட்டார்.

பணம் கொடுத்துவிட்டேன், இப்போது போனை எடுக்கவில்லை.

ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் இப்போதே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது, நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வெளிநாட்டு ஏஜென்ட் என்றால் இ-மைக்ரேட் தளத்திலும், சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் சொல்ல வேண்டும், 1800113090 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஏற்கெனவே போய்ச் சிக்கிக்கொண்டவருக்காக வீட்டில் இருப்பவர்கள் மதத் என்ற வெளியுறவு அமைச்சகத் தளத்தில் புகார் பதியலாம்.

வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் செய்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், ஸ்டேஷனில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. குரல் பதிவு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய லெட்டர், ஆபீஸ் போர்டின் போட்டோ, உங்களோடு சேர்ந்து பணம் கட்டிய மற்றவர்களின் நம்பர், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நான்கு பேர் சேர்ந்து போய் கொடுக்கும் புகாரை ஒரு ஆளின் புகாரைப் போலத் தட்டிக்கழிக்க முடியாது. போகும்போது என்னைக் கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன்.